கிராண்ட் நேஷனல் போன்ற தாண்டல் பந்தயத்துக்குப் பழைய முடிவுகளை எந்த அளவு நம்பலாம்?

சேணம்:

வணக்கம். ஏப்ரலில் இங்கிலாந்தின் எய்ன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் நெருங்கினாலே ஆங்கிலப் பத்திரிகைகள் "கடந்த 10 ஆண்டுப் போக்கு" என்று ஒரு பட்டியல் போட்டுவிடுகின்றன. வயது 8 அல்லது 9, சுமை 11 ஸ்டோனுக்குள் (ஒரு ஸ்டோன் 14 பவுண்டு), 3 மைலுக்கு மேல் ஒரு சேஸாவது (உயரமான தடைகளைத் தாண்டும் பந்தயம்) ஜெயித்திருக்க வேண்டும், கடைசி ஓட்டத்தில் முதல் நாலைந்து இடத்துக்குள் வந்திருக்க வேண்டும்... இப்படி ஏழெட்டு நிபந்தனை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் 34 குதிரையில் இரண்டோ மூன்றோ மிஞ்சும். ஜெயிக்கும் குதிரை அந்த இரண்டு மூன்றில் இருப்பது அபூர்வமாக இருக்கிறது.

ரேஸ் கார்டு வாசிக்கத் தெரியும். ஹேண்டிகேப் (குதிரையின் ரேட்டிங்குக்கு ஏற்பச் சுமை ஏற்றிச் சமன்செய்யும் பந்தயம்) என்றால் என்னவென்றும் தெரியும். எக்செல்லில் சொந்தமாக ஒரு அட்டவணை போட நினைக்கிறேன். எத்தனை வருடம் பின்னால் போகலாம்? எந்தப் போக்கில் சத்து இருக்கிறது, எது தற்செயல் என்று எப்படிப் பிரிப்பது? விழுந்த ஓட்டத்தையும் பாதியில் நிறுத்திய ஓட்டத்தையும் என்ன எண் போட்டுப் பதிவது? செல்ட்டன்ஹாம் கோல்ட் கப்புக்கும் இதே முறை பொருந்துமா?

குளம்பொலி:

வயதையே முதலில் எடுத்துக்கொள்வோம் சேணம், அதிலேயே பாதி விடை இருக்கிறது.

2011-ல் ஜெயித்த பாலாபிரிக்ஸுக்கு வயது 10. 2012 நெப்டியூன் கொலோஞ்ஜ் 11, 2013 அரோராஸ் என்கோர் 11, 2014 பினோ த ரே 11. 2014 முடிவில் யாராவது "சமீபத்தியப் போக்கு" எழுதியிருந்தால், முதிர்ந்த குதிரையைப் பார் என்றுதான் எழுதியிருக்க முடியும். அடுத்த பத்து ஓட்டங்களைப் பாருங்கள் (2020-ல் கொரோனாவால் பந்தயம் இல்லை): 2015 மெனி கிளவுட்ஸ் 8, ரூல் த வேர்ல்டு 9, ஒன் ஃபார் ஆர்தர் 8, டைகர் ரோல் 8, மறுபடி டைகர் ரோல் 9, மினெல்லா டைம்ஸ் 8, நோபிள் யேட்ஸ் 7, கொராக் ராம்ப்ளர் 9, ஐ ஆம் மாக்ஸிமஸ் 8, 2025-ல் நிக் ராக்கெட் 8. பத்து வயதைத் தொட்ட குதிரை ஒன்றுகூட இல்லை. அடுத்தடுத்த இரண்டு காலகட்டங்கள் நேரெதிராகப் பேசுகின்றன. நாலு வருடம் போதவே போதாது. பத்து வருடமும் ஜெயித்த குதிரையை மட்டும் எண்ணினால் பத்தே பத்துப் புள்ளிகள்தான்.

பத்திரிகைப் பட்டியலில் எப்போதும் விடுபடுவது வகுக்கும் எண். ஜெயித்தவற்றில் எத்தனை என்று சொல்வார்கள், ஓடியவற்றில் எத்தனை என்று சொல்ல மாட்டார்கள். கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனை எண்: பத்துப் பந்தயத்தில் மொத்தம் 360 குதிரைகள் ஓடின, அதில் 8, 9 வயதுக் குதிரைகள் 190 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடியவற்றில் அவற்றின் பங்கு 53 சதவீதம். பத்தில் 9 வெற்றி அவற்றுக்கு என்றால் வெற்றியில் பங்கு 90 சதவீதம். 90-ஐ 53-ஆல் வகுத்தால் 1.7. ஒன்றுக்கு மேலே எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான் அந்த வயதுக்கான கூடுதல் மதிப்பு. "90 சதவீத வெற்றி" என்ற தலைப்பு தரும் மலைப்பு இந்த 1.7-ல் இருக்காது, ஆனால் இதுதான் உண்மையான அளவு.

"இந்த வகைக் குதிரை 10 வருடமாக ஜெயித்ததே இல்லை" என்ற வாக்கியத்தையும் இப்படியே சோதிக்கலாம். அந்த வகை ஒவ்வொரு வருடமும் களத்தில் (ஓடும் குதிரைகளில்) 10 சதவீதம், எல்லாக் குதிரைக்கும் சம வாய்ப்பு என்று வையுங்கள். பத்து வருடமும் ஜெயிக்காமல் போகும் சாத்தியம் 0.9-ஐப் பத்து முறை பெருக்கினால் வரும்: 35 சதவீதம். அதாவது எந்தக் குறையும் இல்லாத ஒரு வகையே மூன்றில் ஒரு பங்கு தடவை சும்மா தற்செயலாக வெறுங்கையோடு நிற்கும். அதே வகை களத்தில் 30 சதவீதம் இருந்து பத்து வருடமும் ஜெயிக்கவில்லை என்றால் சாத்தியம் 3 சதவீதத்துக்கும் கீழே. அப்போது நிமிர்ந்து உட்காருங்கள்.

பத்துப் புள்ளியை வைத்து மாரடிக்காமல் இருக்க ஒரு வழி: ஜெயித்த குதிரையோடு நிற்காமல் ஓடிய அத்தனை குதிரையையும் அட்டவணையில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் "எத்தனை சதவீதப் போட்டியாளரைத் தோற்கடித்தது" என்று ஒரு எண் கொடுங்கள். 34 ஓடி 5-ஆவதாக வந்தால், பின்னால் விட்டது 29, மொத்தப் போட்டியாளர் 33, ஆக 88. முதலாவது 100, கடைசி 0. பிறகு வயதுவாரியாக, சுமைவாரியாகச் சராசரி எடுத்தால் 10 புள்ளிக்குப் பதில் 300-க்கும் மேல் கிடைக்கும். நாலு லெங்த் (ஒரு லெங்த் ஒரு குதிரை நீளம்) பின்னால் இரண்டாவதாக வந்த 10 வயதுக் குதிரை, "தோற்றது" என்ற ஒரே கூடையில் காணாமல் போகாது.

அட்டவணைக்கான பத்திகள் (நெடுக்கு வரிசைகள்) இவை போதும்: வயது, சுமை, அன்றைய அதிகாரபூர்வ ரேட்டிங் (திறமைக்குக் கொடுக்கும் எண்), அதுவரை ஓடிய சேஸ்களின் எண்ணிக்கை, ஜெயித்த அதிகபட்ச தூரம், கடைசி ஓட்டத்திலிருந்து இடைவெளி நாட்கள், தரை நிலை, விழுந்திருந்தால் எந்தத் தடையில், முடிவு, ஸ்டார்ட்டிங் பிரைஸ் (பந்தயம் தொடங்கும்போது இருந்த பந்தய விலை). "அன்றைய" என்ற சொல்லைக் கவனியுங்கள். தளங்களில் குதிரையின் பக்கத்தைத் திறந்தால் கண்ணில் படுவது இன்றைய ரேட்டிங், ஜெயித்த பிறகு ஏற்றப்பட்டது. அதைப் பழைய பந்தயத்தின் வரிசையில் போட்டால் "ரேட்டிங் கூடிய குதிரைதான் ஜெயிக்கிறது" என்ற பொய்ப் போக்கு தானாக முளைக்கும். பந்தயத்தின் அன்றைய கார்டிலிருந்து மட்டும் எடுங்கள்.

கடிவாளம்:

குளம்பொலி சொன்ன கணக்கோடு இன்னொன்றும் வேண்டும். ஒரு போக்குக்குப் பின்னால் காரணம் என்ன, அந்தக் காரணம் இன்றும் உயிரோடு இருக்கிறதா? இதற்கு விடை இல்லாத போக்கை நான் அட்டவணையிலேயே ஏற்ற மாட்டேன்.

சுமையைப் பாருங்கள். 1983-ல் கோர்பியர் 11 ஸ்டோன் 4 பவுண்டு சுமந்து ஜெயித்தது. அதன்பின் 2005-ல் ஹெட்ஜ்ஹன்டர் 11 ஸ்டோன் 1 பவுண்டோடு ஜெயிக்கும்வரை 11 ஸ்டோனுக்கு மேல் சுமந்த எதுவும் ஜெயிக்கவில்லை. உங்கள் பட்டியலில் இருக்கும் "11 ஸ்டோனுக்குள்" என்ற நிபந்தனை அந்தக் காலத்தின் மிச்சம். பிறகு நடந்தது: 2010 டோன்ட் புஷ் இட் 11-5 (11 ஸ்டோன் 5 பவுண்டு), 2012 நெப்டியூன் கொலோஞ்ஜ் 11-6, 2015 மெனி கிளவுட்ஸ் 11-9, 2019 டைகர் ரோல் 11-5, 2024 ஐ ஆம் மாக்ஸிமஸ் 11-6, 2025 நிக் ராக்கெட் 11-8. இதற்குப் பிறகும் அந்த நிபந்தனையை வைத்துக் குதிரையை அடிப்பவர், களத்தின் மேல்பாதியையே காரணமில்லாமல் தூக்கி எறிகிறார்.

ஏன் மாறியது? பந்தயமே மாறிவிட்டது. 2013-லிருந்து தடைகளுக்குள் இருந்த மரச்சட்டத்தை எடுத்துவிட்டு வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் உள்ளீடு வைத்தார்கள். தூரமும் நாலரை மைலிலிருந்து படிப்படியாகக் குறைந்து இன்று 4 மைல் இரண்டரை ஃபர்லாங் (ஒரு ஃபர்லாங் மைலில் எட்டில் ஒரு பங்கு) அளவில் நிற்கிறது. 2024-ல் இன்னும் பெரிய மாற்றம்: அதிகபட்சம் 40 குதிரை என்பது 34 ஆனது, குறைந்தபட்ச ரேட்டிங் 125-லிருந்து 130-க்கு ஏறியது, முதல் தடையைத் தொடக்கக் கோட்டுக்கு 60 கெஜம் அருகே நகர்த்தினார்கள், நின்ற நிலையிலிருந்து தொடக்கம், 11-ஆவது தடையின் உயரமும் குறைந்தது.

இவை ஒவ்வொன்றும் உங்கள் பத்திகளில் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். முதல் தடை கிட்டே வந்துவிட்டதால் அதை நோக்கி முழு வேகத்தில் பாய இடமில்லை, கூட்டமும் குறைவு. அதனால் "தொடக்கத்தில் விழும் வாய்ப்பு" பற்றிய 2024-க்கு முந்தைய எண்கள் இனி உதவாது. குறைந்தபட்ச ரேட்டிங் ஏறினால் களத்தின் வால் பகுதி மறைகிறது. ஹேண்டிகேப்பில் ரேட்டிங்கில் ஒரு புள்ளிக்குச் சுமையில் ஒரு பவுண்டு, ஆகவே மேலே இருக்கும் சுமை நிலையாக இருக்க, கீழ்ச் சுமை மேலே எழும்புகிறது. 10 ஸ்டோனை ஒட்டிய சுமையில் ஓடும் குதிரைகளே அருகிவிட்டால் "லேசான சுமைதான் ஜெயிக்கும்" என்பதைச் சோதிக்கக்கூட ஆள் இருக்காது. வகுக்கும் எண்ணே மாறிவிட்டது.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். பத்திக்குப் பத்தி வேறு. வயது, தூரத் தாக்குப்பிடிப்பு ஆகியவற்றுக்கு 2013-லிருந்து போகலாம். விழுதல், கூட்டம், தொடக்க வேகம் என்றால் 2024-க்கு முன்னால் போக வேண்டாம். ஆதாரம் குறைகிறதே என்றால் பின்னோக்கிப் போகாமல் பக்கவாட்டில் போங்கள். ஃபேரிஹவுஸ் அயர்லாந்து கிராண்ட் நேஷனல், செப்ஸ்டோ வேல்ஸ் நேஷனல், எய்ர் ஸ்காட்லாந்து நேஷனல் எல்லாமே நெடுந்தூர ஹேண்டிகேப் சேஸ்கள்தான். ஐ ஆம் மாக்ஸிமஸ் 2023-ல் அயர்லாந்து நேஷனல் ஜெயித்துவிட்டுத்தான் 2024-க்கு எய்ன்ட்ரீ வந்தது. 1980-களின் எய்ன்ட்ரீயைவிடச் சென்ற வருட ஃபேரிஹவுஸ் இன்றைய எய்ன்ட்ரீக்கு நெருங்கிய உறவு.

"ஜெயித்ததே இல்லை" வகையிலும் காரணம் கேளுங்கள். 1940-ல் பாக்ஸ்கருக்குப் பிறகு 7 வயதுக் குதிரை ஒன்றும் ஜெயிக்கவில்லை என்று 82 வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2022-ல் நோபிள் யேட்ஸ் 50-க்கு 1 விலையில் ஜெயித்தது. 7 வயதுக் குதிரைகள் களத்தில் எப்போதுமே சொற்பம் என்பதை அந்த வாக்கியம் சொல்லவே இல்லை. செல்ட்டன்ஹாமில் உயரம் குறைந்த தடைகளில் நடக்கும் சாம்பியன் ஹர்டிலில் 1985 சீ யூ தெனுக்குப் பிறகு 5 வயதுக் குதிரை ஜெயிக்காததை ஒரு சட்டம் மாதிரி எழுதினார்கள். 2008-ல் கேட்ச்சிட், பிறகு 2019-ல் எஸ்புவா தாலென். இதில் காரணம் ஓரளவு நியாயமானது: நாலு வயதில் தன் வயதுக்காரரோடு மட்டும் ஓடிய குதிரை, அடுத்த பருவத்தில் முதல்முறையாக முற்றிய குதிரைகளைச் சந்திக்கிறது. ஆகவே அது குறைத்துப் பார்க்க வேண்டிய விஷயம்தான், ஒதுக்கித்தள்ள வேண்டியது இல்லை. கோல்ட் கப்பில் 1974 கேப்டன் கிறிஸ்டிக்குப் பிறகு நாவிஸ் (அந்தப் பருவத்துக்கு முன் சேஸ் ஜெயித்திராத குதிரை) யாரும் ஜெயிக்கவில்லை என்பதை 2015-ல் கோனிகிரீ முறித்தது. நாவிஸ்களுக்கென்றே செல்ட்டன்ஹாமில் தனிப் பந்தயங்கள் இருக்கும்போது, கோல்ட் கப்புக்கு வந்து நின்ற நாவிஸ்கள் எத்தனை என்று எண்ணினாலே விஷயம் விளங்கும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். சாம்பியன் ஹர்டிலில் பெண் குதிரை ஜெயிப்பது ஒரு காலத்தில் அபூர்வம்: 1984 டான் ரன், 1994 ஃபிளேக்கி டவ், அதன்பின் நெடிய இடைவெளி. 2016 முதல் 2025 வரையிலான பத்து ஓட்டங்களில் ஐந்து பெண் குதிரைகளுக்கே: ஆனி பவர், எபடான்ட், ஹனிசக்கிள் இரண்டு முறை, கோல்டன் ஏஸ். பெண் குதிரைக்குச் சுமைச் சலுகை முன்பிருந்தே உண்டு. நல்ல பெண் குதிரைகளை இனப்பெருக்கத்துக்கு அனுப்பாமல் பந்தயத்தில் வைத்திருக்கும் அளவுக்கு அவற்றுக்கான பந்தயங்கள் பெருகியதுதான் புதிது. காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, இன்றும் நீடிக்கிறது. இப்படிப்பட்ட போக்கை நம்பலாம்.

லாயம்:

விழுந்த ஓட்டம் பற்றிக் கேட்டதற்கு யாரும் இன்னும் வரவில்லை, அதனால் நான்.

விழுந்ததைக் "கடைசி இடம்" என்று 0 போட்டால் அட்டவணை கெட்டுவிடும். அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டு, பக்கத்தில் இரண்டு விவரம் எழுதுங்கள்: எந்தத் தடையில், அப்போது எப்படி ஓடிக்கொண்டிருந்தது. 2025 சாம்பியன் ஹர்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். கான்ஸ்டிடியூஷன் ஹில் நடுவில் விழுந்தது. ஸ்டேட் மேன் முன்னணியில் வந்து கடைசித் தடையில் விழுந்தது. 25-க்கு 1 விலையில் கோல்டன் ஏஸ் ஜெயித்தது. முடிவு வரியை மட்டும் படிப்பவருக்கு ஸ்டேட் மேன் தோற்ற குதிரை. ஓட்டத்தைப் பார்த்தவருக்கு அது கடைசித் தடைவரை ஜெயித்துக்கொண்டிருந்த குதிரை. ஆனி பவரும் 2015-ல் பெண் குதிரைகளுக்கான மேர்ஸ் ஹர்டிலில் முன்னணியில் வந்து கடைசித் தடையில்தான் விழுந்தது. 2016-ல் சாம்பியன் ஹர்டிலே அதனுடையது.

எனவே மூன்று வகையாகப் பிரியுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு தடவை விழுந்தது: திறமை எண்ணில் கைவைக்க வேண்டாம். களைத்துத் தடுமாறிக் கடைசி இரண்டு மூன்று தடைகளில் விழுந்தது: இது தாண்டும் குறை என்பதைவிடத் தூரக் குறை, தூரப் பத்தியில் கழியுங்கள். ஒரே பருவத்தில் இரண்டு மூன்று தடவை, அதுவும் ஆரம்பத் தடைகளில் விழுவது அல்லது ஜாக்கியை உதறுவது: இது தாண்டும் குறைதான், 30 தடை இருக்கும் பந்தயத்தில் கனமாகவே கழிக்க வேண்டும். இன்னொரு குதிரை குறுக்கே விழுந்ததால் வீழ்த்தப்பட்டது என்றால் அந்த ஓட்டத்தை முழுதாக மறந்துவிடலாம்.

பாதியில் நிறுத்திய ஓட்டம் வேறு. அங்கே ஜாக்கி ஒரு முடிவு எடுத்திருக்கிறார். மூச்சுக் கோளாறா, தரை ஒத்துக்கொள்ளவில்லையா, ரத்தக் கசிவா என்று பந்தயத்துக்குப் பின் ஸ்டூவர்டுகளின் (பந்தய நடுவர்களின்) அறிக்கையில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். மூச்சுக்குழல் அறுவை சிகிச்சை செய்த குதிரை எது என்பது பிரிட்டன் கார்டுகளில் 2018 ஜனவரியிலிருந்து குறிக்கப்படுகிறது. சிகிச்சைக்கு முந்தைய "நிறுத்தப்பட்டது" வரிகளையும் பிந்தைய வரிகளையும் ஒரே சராசரியில் சேர்க்காதீர்கள்.

ஃபார்ம் வரிசையில் (கார்டில் குதிரைக்கு எதிரே இருக்கும் பழைய முடிவு எண்கள்) சிறு கோடு பருவ எல்லை, சாய்கோடு ஒரு பருவமே ஓடவில்லை என்று பொருள். சாய்கோட்டுக்கு முந்தைய எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி மதிப்புதான்.

அடுத்தது தரை. "சாஃப்ட்" என்று இரண்டு மைதானம் எழுதினால் இரண்டும் ஒன்றல்ல. அயர்லாந்தில் "யீல்டிங்" என்று ஒரு படி இருக்கிறது, பிரிட்டனில் அந்தச் சொல்லே கிடையாது. அறிவிப்பை அப்படியே பத்தியில் எழுதாமல், அன்றைய பந்தயங்களின் நேரத்தை அந்த மைதானத்தின் திட்ட நேரத்தோடு (அந்தத் தூரத்துக்கு வழக்கமாக ஆகும் நேரம்) ஒப்பிட்டு, ஒரு மைலுக்கு எத்தனை விநாடி மெதுவாக இருந்தது என்று போடுங்கள். அன்று நடந்த எல்லாப் பந்தயத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் தொடக்கத்தில் யாரும் வேகமெடுக்காமல் நடந்துபோன பந்தயமாக அது இருக்கக்கூடும். நேரத்தை லெங்த்தாக மாற்ற, நல்ல தரையில் விநாடிக்கு 5 லெங்த், சேற்றில் 4 என்று கொண்டால் போதும்.

லெங்த்தைப் பவுண்டாக மாற்ற 3 மைலில் லெங்த்துக்கு ஒரு பவுண்டு என்பது கைக்கணக்கு. 2 மைலில் ஒரு லெங்த்தின் மதிப்பு கூடும், 4 மைலுக்கு மேல் குறையும். 20 லெங்த்துக்கு மேல் பின்தங்கியவற்றுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் ஜாக்கி குதிரையை வருத்தாமல் வீடு சேர்ப்பார். அந்த இடைவெளி திறமையைக் காட்டாது.

நேஷனலுக்கு மட்டும் ஒரு தனிப் பத்தி சேருங்கள்: "சுமை அறிவித்த பிறகு ரேட்டிங் எவ்வளவு ஏறியது". சுமைப் பட்டியல் பிப்ரவரியிலேயே வந்துவிடும், அதற்குப் பிறகு குதிரை எங்கே ஜெயித்தாலும் அதற்காக நேஷனலில் சுமை ஏறாது. கொராக் ராம்ப்ளர் 2023 மார்ச்சில் செல்ட்டன்ஹாமில் அல்டிமா ஹேண்டிகேப் ஜெயித்தது. ரேட்டிங் ஏறியது. ஏப்ரலில் பழைய 10 ஸ்டோன் 5 பவுண்டோடே ஓடி, 8-க்கு 1 ஃபேவரிட்டாக நேஷனலும் ஜெயித்தது. காரணம் விதியிலேயே எழுதப்பட்டிருக்கும் போக்கு இது. வயது, பயிற்சியாளர், ஜாக்கி எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள்.

சேணம்:

மூவருக்கும் நன்றி. விதியிலேயே இருக்கும் காரணம் என்ற கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு விஷயம் இன்னும் தெளியவில்லை. காரணமுள்ள நிபந்தனைகளை மட்டும் வைத்துக்கொண்டு வடிகட்டினால் போதாதா? கோல்ட் கப் பற்றியும் சொன்னால் நல்லது.

குளம்பொலி:

வடிகட்டும் முறையிலேயே ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு நிபந்தனையும் களத்தில் 80 சதவீதக் குதிரையை விட்டுவைத்து 20 சதவீதத்தை வெட்டுகிறது என்று வையுங்கள். வெற்றிக்கும் அந்த நிபந்தனைகளுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் பத்து நிபந்தனை முடிந்ததும் 34-ல் மூன்றோ நாலோதான் மிஞ்சும், ஜெயிக்கப்போகும் குதிரை அதற்குள் இருக்க 11 சதவீதம் வாய்ப்பு. நிபந்தனையில் உண்மையிலேயே சத்து இருந்தால் இந்த 11 கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். ஒரே ஒரு குறைக்காக நல்ல குதிரையை முழுதாக வெட்டுவதுதான் பிழை. 2016-ல் ரூல் த வேர்ல்டு நேஷனலுக்கு வந்தபோது அதுவரை ஒரு சேஸ்கூட ஜெயித்ததில்லை. முந்தைய வருடம் அயர்லாந்து நேஷனலில் இரண்டாவதாக வந்திருந்தது. "3 மைலுக்கு மேல் சேஸ் ஜெயித்திருக்க வேண்டும்" என்று வெட்டியவர் அதை இழந்தார். "3 மைலுக்கு மேல் வலுவான களத்தில் கடைசிவரை தாக்குப்பிடித்திருக்கிறதா" என்று மதிப்பெண் போட்டவர் அதை மேலே வைத்திருப்பார்.

மதிப்பெண் முறைக்கு மாறுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் சராசரி 0, கூடினால் நேர் எண், குறைந்தால் எதிர் எண். ஒன்றோடொன்று ஒட்டிய பத்திகளை இரண்டு தடவை எண்ணாதீர்கள். வயதும், ஓடிய சேஸ் எண்ணிக்கையும், ரேட்டிங் ஏறும் வேகமும் முக்கால்வாசி ஒரே விஷயம். மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் கொடுத்தால் 8 வயதுக் குதிரை எல்லாம் காரணமின்றி மேலே வந்து நிற்கும். பட்டியலை உருவாக்க 2023 வரையிலான ஓட்டங்களை மட்டும் பயன்படுத்தி, 2024, 2025 இரண்டையும் தொடாமல் வைத்திருந்து கடைசியில் சோதியுங்கள். இரண்டே பந்தயம் என்றாலும் ஓடிய அத்தனை குதிரையின் சதவீத எண்ணும் கையில் இருக்கிறதே, மதிப்பெண் கூடியவை சராசரியாக மேலே வந்தனவா என்று பார்த்துவிடலாம்.

கோல்ட் கப் வேறு மாதிரிப் பந்தயம். ஹேண்டிகேப் இல்லை, எல்லாவற்றுக்கும் 11 ஸ்டோன் 10 பவுண்டு, பெண் குதிரைக்கு 7 பவுண்டு குறைவு. 3 மைல் இரண்டரை ஃபர்லாங், 22 தடை, முடிவில் மேட்டு ஏற்றம். சுமைப் பத்தியை எடுத்துவிடுங்கள், ரேட்டிங் பத்திக்குக் கனம் கூட்டுங்கள். இங்கே வயதுப் போக்கு வலுவானது. 1998-ல் 10 வயது கூல் டானுக்குப் பிறகு 2025 வரை பத்து வயதைத் தொட்ட எதுவும் ஜெயிக்கவில்லை. முயன்றவை சாதாரணக் குதிரைகளும் அல்ல. 2010-ல் 10 வயது டென்மன் இரண்டாவது, அதே வயது காட்டோ ஸ்டார் விழுந்தது. 2011-ல் 11 வயதில் டென்மன் மறுபடி இரண்டாவது, காட்டோ ஸ்டார் மூன்றாவது, ஜெயித்தது 6 வயது லாங் ரன். இரண்டும் முன்னாள் கோல்ட் கப் வெற்றியாளர்கள். முதிர்ந்த குதிரை முன்வரிசையில் வர முடிகிறது, மேட்டில் இளம் குதிரையைத் தாண்ட முடிவதில்லை. வகுக்கும் எண்ணும் காரணமும் இரண்டுமே இருக்கின்றன.

கடைசி ஓட்ட முடிவுக்கு மட்டும் அதிகக் கனம் கொடுக்காதீர்கள். 2025-ல் இனோத்வேயர்திங்கின் என்ற குதிரை பிப்ரவரியில் அயர்லாந்து கோல்ட் கப்பில் கலோபான் தே ஷான் என்ற குதிரையிடம் தோற்றது, அடுத்த மாதமே செல்ட்டன்ஹாமில் அதே குதிரையை வென்றது. 7 வயது, ஏறுமுகம்.

கடிவாளம்:

செல்ட்டன்ஹாம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. 2025-லிருந்து அங்கே பந்தய நிபந்தனைகளே மாறின. நேஷனல் ஹன்ட் சேஸ் அதுவரை அமெச்சூர் ஜாக்கிகளுக்கானது, இப்போது தொழில்முறை ஜாக்கிகளும் ஓட்டும் நாவிஸ் ஹேண்டிகேப். பெயர் அதேதான், பழைய முடிவுகள் எல்லாம் வேறொரு பந்தயத்தின் முடிவுகள். இரண்டரை மைல் நாவிஸ் சேஸும் மிக உயர்ந்த கிரேடு 1 அந்தஸ்தை விட்டு ஹேண்டிகேப் ஆனது. அதனால் நடுத்தூரக் குதிரைகள் 2 மைல் ஆர்க்கிளுக்கோ 3 மைல் பிரவுன் அட்வைஸரிக்கோ போயாக வேண்டும். தங்கள் விதி மாறாத அந்த இரண்டு பந்தயத்தின் பழைய போக்கும் இதனால் பலவீனப்படுகிறது. ஒரு பந்தயத்தின் வரலாற்றை எடுக்கும்போது பக்கத்துப் பந்தயத்தில் என்ன மாறியது என்றும் பாருங்கள்.

இன்னொன்று விலை. எல்லோருக்கும் தெரிந்த போக்கு ஏற்கெனவே விலைக்குள் ஏறியிருக்கும். 7-க்கு 1 என்றால் சந்தை கொடுக்கும் வாய்ப்பு 8-ல் 1, அதாவது 12.5 சதவீதம். 33-க்கு 1 என்றால் 34-ல் 1, ஏறத்தாழ 3 சதவீதம். களத்தில் எல்லாவற்றையும் கூட்டினால் 100-ஐத் தாண்டும், ஒவ்வொன்றையும் அந்த மொத்தத்தால் வகுத்துச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு வகையைச் சேர்ந்த குதிரைகளின் வாய்ப்புகளைக் கூட்டினால் "எதிர்பார்த்த வெற்றி" வரும். உண்மையான வெற்றியை அதால் வகுத்து 1-க்குப் பக்கத்தில் வந்தால், அந்தப் போக்கு உண்மை என்றாலும் உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. 2015 முதல் 2025 வரை நடந்த பத்து நேஷனல்களில் ஏழை அயர்லாந்தில் பயிற்சி பெற்ற குதிரைகள் ஜெயித்தன. இது யாருக்கும் ரகசியம் இல்லை, விலையில் இருக்கிறது. இந்தச் சோதனையில் தேறாத போக்கை நம்பிப் பணம் வைக்காதீர்கள்.

சேணம்:

எய்ன்ட்ரீயின் அதே தடைகளில் டாபம் சேஸும் பெக்கர் சேஸும் நடக்கின்றனவே, அந்த ஓட்டங்களையும் நேஷனல் அட்டவணையில் அப்படியே சேர்த்துவிடலாமா?

லாயம்:

தாண்டும் பத்தியில் மட்டும் சேருங்கள். டாபம் 2 மைல் 5 ஃபர்லாங்தான். அதில் ஜெயித்த குதிரைக்கு அந்தத் தடைகள் ஒத்துக்கொள்கின்றன என்று தெரியும், 4 மைலுக்கு மேல் தாங்குமா என்று தெரியாது. டிசம்பர் பெக்கர் 3 மைல் 2 ஃபர்லாங், அதைத் தூரப் பத்தியில் பாதிக் கனத்தோடு போடலாம். ஆனால் டிசம்பரில் தரை பெரும்பாலும் கனமாக இருக்கும், ஏப்ரலில் அவ்வளவு இராது. தரைப் பத்தியை நிரப்பாமல் பெக்கர் முடிவைத் தூக்காதீர்கள். இரண்டிலுமே கடைசித் தடைக்குப் பின் உள்ள 494 கெஜ இறுதி ஓட்டத்தைத் தனியாகப் பாருங்கள். அதில் வரும் வளைவில் குதிரை இன்னும் முன்னே இழுத்துக்கொண்டிருக்கிறதா, ஜாக்கி தள்ளித் தள்ளி ஓட்டுகிறாரா என்பது எந்த முடிவு வரியிலும் வராது. காணொளியில் பார்த்து ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள். இறுதிப் பட்டியல் வியாழக்கிழமை வந்ததும் ஓடாத குதிரைகளை நீக்கிவிட்டு வாய்ப்புகளை மறுபடி 100-க்குச் சரிசெய்யுங்கள். சனிக்கிழமை காலை தரை அறிவிப்பு மாறியிருந்தால் தரைப் பத்தியை மட்டும் திரும்பப் போட்டால் போதும்.